லிஃப்டுக்கு ஏது மொபைல்?

தபாலக்காவிடம் ஒரு காகிதத்தை நீட்டி, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க என்று சொல்லிப் பாருங்கள். லேசில் போட்டுவிட மாட்டாள். முதலில் கண்ணாடியைத் தேடுவாள். அது அவள் தலையிலேயே இருக்கும். அப்புறம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரலை வைத்துக்கொண்டு படிப்பாள். நீட்டியவர் காலை மாற்றி மாற்றி நிற்க வேண்டியதுதான். "படிக்காம போடறதுக்கு நான் என்ன ரப்பர் ஸ்டாம்பா?" என்பாள். அந்த ஆபீசில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காமல் போனதே இதனால்தான்.

அது லிஃப்ட் கம்பெனி. லிஃப்ட் மாட்டுவதும், மாட்டியதை மாசா மாசம் பார்த்துக்கொள்வதும் வேலை. ஊர் முழுக்க மருத்துவமனை, அடுக்குமாடி, ஆபீஸ் என்று மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு லிஃப்ட். தபாலக்கா பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே டெலிஃபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். அஞ்சு வருஷம் கழித்து கம்பெனிக்கென்று ஒரு மெயில் சர்வர் வாங்கி, அவள் மேஜைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் வைத்தார்கள். அதை மாட்டிய ஆள் ரெண்டே மாசத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டான். போகிற அன்றைக்கு, பக்கத்து மேஜை இவளுடையது என்ற ஒரே காரணத்துக்காகப் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி இவள் கையில் திணித்துவிட்டுப் போனான். இப்படித்தான் அவள் தபாலக்கா ஆனாள். படித்து ஆகவில்லை, மாட்டிக்கொண்டு ஆனாள்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, மாட்டிக்கொண்டதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டாள். இங்கிலீஷ் கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு படித்தாள். பதினாலு வருஷத்தில் அந்த சர்வர் நின்றது மொத்தமே மூணு தடவை. அதற்காக அவளுக்கு அந்தப் பெட்டி மேல் ஏதோ பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். அறைக்குள் ஏசி நின்றுபோனால் டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு கல்யாணத்துக்குப் போனாலும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வர வேண்டும். மெயிலையெல்லாம் கிளவுடுக்கு மாற்றப் போகிறோம், இனி சர்வர் நம் கட்டடத்தில் இருக்காது என்று மேனேஜர் அறிவித்தபோது முதலில் கை தட்டியது அவள்தான்.

அந்த மேனேஜருக்கு எல்லாமே சிம்பிள். மூணு மாடி ஏறணுமா, சிம்பிள். பத்து ஆள் வேலையை அஞ்சு ஆள் செய்யணுமா, சிம்பிள். அதனால் அவர் பெயரே சிம்பிள் சார் என்று ஆகிவிட்டது. மாற்றுகிற வேலைக்கு வெளியிலிருந்து ஒரு கம்பெனி ஆளைக் கொண்டுவந்தார். ஒல்லியாக, மரியாதையாகப் பேசுகிற மனுஷன். கிளவுடு, கிளவுடு என்று சொல்லிச் சொல்லியே மெக்கானிக்குகள் அவருக்கு மேகக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் காது படவே கூப்பிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டார்.

மேகக்காரர் ஒரு லிஸ்ட் எடுத்தார். கடந்த தொண்ணூறு நாளில் யாராவது பாஸ்வேர்டு போட்டுத் திறந்த மெயில் பெட்டி எத்தனை என்று பார்த்தார். நூற்று எழுபத்து நாலு. மிச்சம் அறுநூற்றுப் பன்னிரண்டை யாரும் திறக்கவே இல்லை. அதற்கு நேராக "பயன்பாட்டில் இல்லை, நீக்கவும்" என்று எழுதி, கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டுத் தபாலக்காவிடம் நீட்டினார்.

அவள் கண்ணாடியைத் தேடினாள், படித்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணில் விரலை வைத்து அழுத்தினாள்.

"இதெல்லாம் யாரு தெரியுமா?" என்றாள்.

"வேலைய விட்டுப் போனவங்கன்னு நினைச்சேன் மேடம்."

"ஒருத்தரும் எங்கயும் போகல. எல்லாம் அதது இடத்துல மேலயும் கீழயும் ஏறி இறங்கிட்டுத்தான் இருக்கு. இதெல்லாம் லிஃப்ட்."

ஆமாம், அந்தக் கம்பெனியில் லிஃப்டுக்கெல்லாம் மெயில் முகவரி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. கொடுத்தவள் தபாலக்கா. அவள் வீட்டுக்காரர் தையல்காரர், வாய் சும்மா இருக்காது. "ஊர்ல இருக்கிற இரும்புப் பெட்டிக்கெல்லாம் ஐடி குடுத்தியே, கட்டின புருஷனுக்கு ஒண்ணு குடுத்தியா?" என்று கேட்பார். "நீங்க மாட்டிக்கிட்டா பட்டன அமுக்கவா போறீங்க? ஊரக் கூட்டிடுவீங்க, உங்களுக்கு எதுக்கு ஐடி?" என்பாள் இவள்.

சிரிப்புதான். ஆனால் அந்த முகவரிகள் வந்த கதையில் சிரிப்பு இல்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் லிஃப்டில் அபாய பட்டனை அமுக்கினால் ஆபீஸ் ஃபோன் அடிக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை. மத்தியானம் ஒரு மணிக்கு வழக்கம் போல ஃபோன் பலகையைப் பூட்டிவிட்டு இவள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒன்றரை மணிக்கு ஒரு சின்ன மருத்துவமனையில் லிஃப்ட் நடுவில் நின்றது. உள்ளே வேலை முடிந்து கிளம்பிய ஒரு நர்ஸ். சர்க்கரை வியாதி உள்ளவள், சாப்பிடவும் இல்லை. மூணு மணி நேரம் பத்து நிமிஷம் உள்ளேயே கிடந்தாள். தற்செயலாக ஒரு வார்டு பாய் சத்தம் கேட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். கதவைத் திறந்தபோது நினைவு இல்லை.

பிழைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை வந்து பலகையைத் திறந்த தபாலக்கா, எடுக்காத அழைப்பு நாற்பத்தொன்று என்று பார்த்தாள். நாற்பத்தொரு தடவை அந்த நர்ஸ் அமுக்கியிருக்கிறாள். கம்பெனி இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை; வேலை நேரம் முடிந்துதானே போனாள், யார் என்ன சொல்ல முடியும்? ஆனால் இவள் தானாகவே அந்த நர்ஸைப் பார்க்கப் போனாள். நர்ஸ் திட்டவில்லை. உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள். "நீங்க எங்க போயிருந்தீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். வீட்டுக்குத் துணி துவைக்கப் போயிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? தபாலக்கா அழுதுகொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

அதற்கு அப்புறம்தான் மெக்கானிக்குகளுக்கெல்லாம் தலைவரான ஃபோர்மேன் அண்ணனோடு சேர்ந்து ஒவ்வொரு லிஃப்டிலும் ஒரு சின்னக் கருவியை மாட்ட வைத்தாள். பட்டனை அமுக்கினால் அது மெயில் அனுப்பும். மெயில் அந்த லிஃப்டின் பெட்டிக்கு வரும். வந்த நொடியில் சர்வர் அதை அன்றைக்கு டியூட்டியில் இருக்கிற மெக்கானிக்கின் ஃபோனுக்குத் தள்ளிவிட்டு, அவர் பார்க்கிற வரைக்கும் மணியடித்துக்கொண்டே இருக்கும். பலகையைப் பூட்டுகிற கதையே கிடையாது. யாரும் உள்ளே போய்த் திறந்து படிக்க வேண்டியதும் இல்லை. அதனால்தான் மேகக்காரர் லிஸ்டில் அதெல்லாம் செத்த பெட்டியாகத் தெரிந்தது.

இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னதும், மேகக்காரர் நல்ல மனுஷன், உடனே லிஸ்டைத் திருத்திவிட்டார். ஆனால் தபாலக்காவின் விரல் அடுத்த பக்கத்துக்குப் போனது.

"இங்க, மெயில் அனுப்ப பாஸ்வேர்டு வேணும், மொபைலுக்கு ஒரு நம்பர் வரும், அதையும் போடணும்னு எழுதியிருக்கே?"

"ஆமா மேடம், பாதுகாப்புக்காக. பழைய சர்வர் மாதிரி யார் வந்து போட்டாலும் வாங்கிக்காது."

"எங்க கருவி பத்து வருஷப் பழசு. அதுக்கு பாஸ்வேர்டுன்னா என்னன்னே தெரியாது. வாசல்ல வந்து போட்டுட்டுப் போயிடும், என் சர்வர் வாங்கிக்கும். நீங்க மொபைலுக்கு நம்பர் அனுப்புறீங்க. லிஃப்டுக்கு ஏது மொபைல்?"

சிம்பிள் சார் இடையில் புகுந்தார். "டெஸ்ட் பண்ணியாச்சும்மா. நேத்தே நம்ம ஆபீஸ் லிஃப்ட புது வழிக்கு மாத்தி, மெயில் அனுப்பிப் பார்த்தாச்சு. வந்துச்சு. சிம்பிள்."

"யாரு அனுப்புனா?"

"நான்தான் மேடம்," என்றார் மேகக்காரர். "என் லேப்டாப்லேருந்து."

தபாலக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "லிஃப்ட் அனுப்புனாத்தானே டெஸ்ட்! நீங்க அனுப்பி நீங்களே வாங்கிக்கிட்டா அதுக்குப் பேரு என்ன?"

ஒரு மாசம் கேட்டாள். கருவிக்கும் கிளவுடுக்கும் நடுவில் ஒரு சின்ன இயந்திரத்தை வைத்தால் போதும். லிஃப்ட் சொல்வதை வாங்கி, முறைப்படி பாஸ்வேர்டு போட்டு அது மேலே அனுப்பிவிடும். அறுநூற்றுப் பன்னிரண்டு கருவியிலும் ஒரு வரி மாற்ற வேண்டும், ஒவ்வொன்றிலும் நிஜமாகவே பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும். சிம்பிள் சார் முடியாது என்றார். சனிக்கிழமை மாற்றியே ஆக வேண்டும்; போன திங்கட்கிழமை முதலாளிகள் கூட்டத்தில் சொல்லிவிட்டாராம். எல்லாம் சரி என்று இவளும் மேகக்காரரும் கையெழுத்துப் போட்டால்தான் பழைய சர்வரை நிறுத்த முடியும். புதன்கிழமை காலையில் ஒரு தடவை நீட்டினார். மாட்டேன் என்றாள். மத்தியானம் ஒரு தடவை. மாட்டேன். சாயங்காலம் குரலை உயர்த்தினார். இவள் அதற்கும் மேலே உயர்த்தினாள். ஒற்றைக்காலில் நின்றாள் என்றால் நின்றாள், அவ்வளவுதான்.

"சின்ன விஷயத்த ஊதிப் பெருசாக்காதம்மா. பட்டன அமுக்கினா போகும்."

"போகாது சார்."

"போகும்!"

"சரி," என்றாள் தபாலக்கா. அந்த 'சரி'யைக் கேட்டு சிம்பிள் சார் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். பாவம், அவளோடு பத்தொன்பது வருஷம் வேலை பார்த்திருந்தால் அந்த 'சரி'க்கு அர்த்தம் தெரிந்திருக்கும்.

அன்றைக்கே ஃபோர்மேன் அண்ணனிடம் போய், லிஃப்டை நடுவில் நிறுத்துகிற சாவியைக் கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"நாளைக்கு பதினோரு மணிக்கு நம்ம ஆபீஸ் லிஃப்ட நிறுத்தப் போறேன். டியூட்டி நீங்கதானேண்ணே? உங்க ஃபோனுக்கு மெயில் வந்தா உடனே வந்து திறங்க. வரலேன்னா சரியா ஒரு மணி நேரம் கழிச்சு வந்து திறங்க. அதுக்கு முன்னாடி யாரு சொன்னாலும் வராதீங்க."

"உள்ள யாரு இருப்பா?"

சொன்னாள். "உன் வேலைக்கு மட்டும் இல்ல, என் வேலைக்கும் சேர்த்து உலை வைக்கிற," என்றார். ஆனால் சாவியைக் கொடுத்தார். அந்த மருத்துவமனை லிஃப்டின் கதவை அன்றைக்குத் திறந்தவர் அவர்தான்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மூணாவது மாடிக் கூட்ட அறைக்குப் போக சிம்பிள் சார், மேகக்காரர், தபாலக்கா மூணு பேரும் லிஃப்டில் ஏறினார்கள். சிம்பிள் சார் கையில் அந்தக் காகிதம். ரெண்டாவது மாடியைத் தாண்டியதும் தபாலக்கா சாவியைப் போட்டுத் திருகினாள். ஒரு குலுக்கலோடு லிஃப்ட் நின்றது.

"என்னாச்சு?" என்றார் சிம்பிள் சார்.

"நான்தான் சார் நிறுத்தினேன். பயப்படாதீங்க, விளக்கு எரியுது, ஃபேன் ஓடுது, தண்ணி பாட்டில்கூட கொண்டு வந்திருக்கேன். பட்டன அமுக்கினா போகும்னு சொன்னீங்கள்ல? அமுக்குங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! முதலில் அதட்டினார். அவள் கேட்காத மாதிரி நின்றாள். அப்புறம் பட்டனை அமுக்கினார். சிவப்பு விளக்கு மினுக்கியது. பாருங்க, போயிடுச்சு என்றார். ரெண்டு நிமிஷம் ஆயிற்று. அஞ்சு நிமிஷம் ஆயிற்று. மறுபடி அமுக்கினார். மொபைலை எடுத்தார், இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் ஏது? கதவைத் தட்டிக் கத்தினார். கீழே பட்டறையில் கிரைண்டர் ஓடுகிற சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? சாவியைக் கொடு என்று கையை நீட்டினார். அவள் அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? உன்ன வேலைய விட்டே தூக்கிடுவேன்!"

"தூக்குங்க. வெளிய போனப்புறம் தூக்குங்க."

பன்னிரண்டாவது நிமிஷம் அவர் காலரைத் தளர்த்தினார். நெற்றியெல்லாம் வியர்வை. "காத்தே இல்லையேம்மா," என்றார். இப்போது குரல் இறங்கியிருந்தது. காற்று இருந்தது, பயத்தில் அவருக்குத்தான் தெரியவில்லை. தபாலக்காவுக்கு ஒரு பக்கம் பாவமாகத்தான் இருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

"மூணு மணி நேரம் பத்து நிமிஷம் இருந்தா சார் அந்தப் பொண்ணு. நாற்பத்தொரு தடவ அமுக்கினா. நீங்க இப்பதான் ஒன்பது."

மேகக்காரர் அதுவரைக்கும் மூலையில் நின்று சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு மினுக்கும், அணையும், மறுபடி மினுக்கும். கருவி திரும்பத் திரும்ப அனுப்பப் பார்க்கிறது, பாஸ்வேர்டு இல்லை என்று கிளவுடு திரும்பத் திரும்ப வாங்க மறுக்கிறது. மற்றவர்களை விட அது அவருக்குத்தான் நன்றாகப் புரிந்திருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு ஃபோர்மேன் அண்ணன் வந்து கதவைத் திறந்தார். இடுப்பளவு உயரத்தில் இருந்து ஒவ்வொருவராகக் கை கொடுத்து இறக்கினார்.

"மெயில் வந்துச்சா?" என்று மேகக்காரர் முதல் ஆளாகக் கேட்டார்.

"எந்த மெயில்?" என்றார் ஃபோர்மேன் அண்ணன்.

சிம்பிள் சார் சட்டையைச் சரிசெய்துகொண்டு, அந்தக் காகிதத்தை மேகக்காரர் பக்கம் நீட்டி, நீங்க போடுங்க, இவளை நான் பார்த்துக்கறேன் என்றார். இன்னும் அடங்கவில்லை மனுஷனுக்கு! மேகக்காரர் காகிதத்தை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "நானும் போட மாட்டேன் சார். ஒரு மாசம் ஆகும்னு எங்க ஆபீசுக்கு நானே எழுதிடறேன்," என்றார்.

அஞ்சு வாரம் ஆயிற்று. மெக்கானிக்குகள் வழக்கமாகப் பார்க்கப் போகிற லிஃப்டிலெல்லாம் கருவியை மாற்றி, பட்டனை அமுக்கினார்கள். இந்தப் பக்கம் தபாலக்காவும் மேகக்காரரும் உட்கார்ந்து, வந்துச்சு, வந்துச்சு என்று ஒவ்வொன்றாக அடித்தார்கள். பதினேழு கருவி தகராறு பண்ணியது, புதுசு போட்டார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டும் வந்த பிறகு அவள் காகிதத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். பழைய சர்வரைத் தன் கையாலேயே அணைத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. விட்டது தொல்லை என்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் மேஜையில் மெமோ. மேலதிகாரியை லிஃப்டில் அடைத்து வைத்ததற்கு மூணு நாளுக்குள் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், தவறினால் பணிநீக்கம். பார்த்தீர்களா சாமர்த்தியத்தை! வேலை முடிகிற வரைக்கும் மூச்சு விடவில்லை. கடைசிக் கருவி வரைக்கும் இவளை வைத்து முடித்துக்கொண்டு, முடிந்த கையோடு கழுத்தைப் பிடிக்கிறார்கள். ஃபோர்மேன் அண்ணனுக்கு மெமோ இல்லை. சாவியை அவருக்குத் தெரியாமல் எடுத்தேன் என்று இவள் முன்பே சொல்லி வைத்திருந்தாள்.

வீட்டுக்காரருக்கு அடுத்த மாசம் முட்டியில் ஆபரேஷன். கம்பெனி மருத்துவக் காப்பீட்டை நம்பித்தான் நாள் குறித்திருந்தார்கள். தையல் மெஷினை மிதிக்க முடியாமல் மூணு மாசமாக மனுஷன் கையால் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். எப்போதும் கிண்டல் பேசுகிறவர் அன்றைக்குப் பேசவில்லை. "ரெண்டு வரி தானே. எழுதிக் குடுத்துட்டு வந்துடேன்," என்றார்.

புதன்கிழமை, கடைசி நாள். மத்தியானம் வரைக்கும் தள்ளிப் போட்டுவிட்டு மூணு மணிக்கு உட்கார்ந்தாள். ஐயா, என்று ஆரம்பித்தாள். நான் செய்தது தவறு என்று எழுதினாள். அது பொய். இருந்தாலும் முட்டியை நினைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள்.

மூணே காலுக்கு அந்தப் பக்கம் ஃபோர்மேன் அண்ணனின் ஃபோன் மணியடிக்க ஆரம்பித்தது. முந்நூற்று எண்பத்தெட்டாம் நம்பர் லிஃப்ட். ஒரு அடுக்குமாடி. அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தார். தபாலக்கா எழுந்து நின்றவள் உட்காரவே இல்லை. புது வழியில் வந்த முதல் நிஜ மெயில். மூணு முப்பத்திரண்டுக்கு அவரிடமிருந்து பதில்: திறந்தாச்சு, எல்லாம் நலம்.

அவளால் பொறுக்க முடியவில்லை. அந்தக் கட்டடத்து வாட்ச்மேனுக்கு ஃபோன் போட்டாள். "உள்ள யாருங்க இருந்தாங்க?"

"யாரோ ஒரு அம்மா, கைக்குழந்தையோட. பேரெல்லாம் கேக்கலீங்க. பால் வாங்கப் போகணும்னு சொல்லிட்டு அவங்க பாட்டுக்குப் போயிட்டாங்க."

"அழுதாங்களா?"

"எதுக்குங்க அழணும்? பதினேழு நிமிஷம்தானே."

ஃபோனை வைத்துவிட்டு தபாலக்கா பாதி எழுதிய மன்னிப்பை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, முட்டி இன்னும் கொஞ்ச நாள் தாங்குமா?"

"பட்டன் தைக்க முட்டி எதுக்கு? நீ பண்றதப் பண்ணு," என்றார்.

எழுதியிருந்ததை முழுசாக அழித்தாள். புதிதாக எழுதினாள். ஒரு தடவை விரலை வைத்துப் படித்துப் பார்த்தாள். சிம்பிள் சாருக்கும் அவருக்கு மேலே இருந்த முதலாளிகள் மூணு பேருக்கும் சேர்த்து, அந்தப் புது கிளவுடு மெயிலிலேயே அனுப்பினாள்.

"ஐயா, மெமோ கிடைத்தது. லிஃப்டை நான்தான் நிறுத்தினேன். அந்த ஒரு மணி நேரம் நாம் பட்டனை அமுக்கியும் மெயில் போய்ச் சேரவில்லை. இன்று மூன்றே காலுக்கு ஒரு தாய் அமுக்கினாள், போய்ச் சேர்ந்தது; பதினேழு நிமிடத்தில் குழந்தையோடு வெளியே வந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. நாளை காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு வருவேன். வேண்டாம் என்றால் வாசலில் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்."